அந்த ரிப்பனை வெட்ட விடவில்லை, அக்கா

என் சண்டைக்கார அக்காவுக்கு,

நீ போனபிறகு உனக்குச் சொல்ல நல்ல சேதி ஒன்றும் இல்லாமல் இருந்தேன். இப்போது ஒன்று இருக்கிறது. நம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் போன வாரம் நடக்கவேண்டிய திறப்பு விழா நடக்கவில்லை.

ஆமாம், அதுதான் நல்ல சேதி.

நீ அங்கே தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்த காலமெல்லாம் கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து கேட்டது, பள்ளிக்கூடத்துக்கென்று தனியாக ஒரு கரண்ட் லைன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகிற லைனின் வாலில் தொங்குகிறது நம் பள்ளி. கம்பி மெல்லிசு, தூரம் அதிகம். மழை இருட்டில் பல்பைப் போட்டால் பிள்ளைகளுக்குப் பல்புதான் தெரியும், எழுத்து தெரியாது.

அரசாங்கம் என்ன அனுப்பியது தெரியுமா? சுவரளவுக்கு ஒரு கணினித் திரை. பின்தங்கிய பாடசாலைகளுக்கான நிதியாம். காசு இல்லையென்று இனி யாரும் நமக்குச் சொல்ல முடியாது. காசு வருகிறது அக்கா, ரிப்பன் கட்டக்கூடிய பொருளாக மட்டும் வருகிறது. கரண்ட் கம்பத்துக்கு ரிப்பன் கட்டிப் படம் எடுத்தால் யார் பார்ப்பார்கள்?

ஹட்டனில் மின்வேலை படித்தவன் என்று திரையைப் பொருத்த என்னைக் கூப்பிட்டார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தேன். இந்த லைனில் திரை ஓடாது. பள்ளி அதிபரிடம் சொன்னேன், அவர் மேலே சொன்னார். அங்கிருந்து வந்த அதிகாரிக்கு அது பிரச்சினையாகவே படவில்லை.

“தம்பி, வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் கொண்டாந்து பின்னால வைங்க. ரிப்பன் வெட்ட வர்ற பெரிய ஐயா படம் எடுத்துப் போனதும் நிப்பாட்டிடலாம்.”

“நாளைக்கு, சார்?”

“நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாப்போம்.”

மாட்டேன் என்றேன். அப்படியானால் திரை வேறு பள்ளிக்குப் போய்விடும் என்றார். அதிபர் என்னைத் தனியே இழுத்துக் கெஞ்சினார். பாவம், இத்தனை வருஷத்தில் அவருக்குக் கிடைத்ததே இந்த ஒன்றுதான். பிள்ளைகளுக்கு வந்ததை நானே திருப்பி அனுப்புகிறேனா? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

கடைசியில் கொண்டுவந்துவிடுவேன் என்று அதிகாரி நம்பியிருக்கவேண்டும்; விழாவன்று நான் ஜெனரேட்டர் கொண்டுவரவில்லை. வாசலில் சிவப்பு ரிப்பன், தட்டில் கத்திரிக்கோல். எல்லோர் முன்னாலும் பள்ளி லைனிலேயே சுவிட்சைப் போட்டேன். திரை லேசாக வெளிச்சம் காட்டி அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. வேண்டுமென்றே செய்கிறான் என்று அதிகாரி கத்தினார்.

மலையில் கொழுந்து பறிப்பதைப் பாதியில் விட்டு வந்திருந்த செல்லம்மா அத்தைதான் எழுந்தார். அவர் பேத்தி உன் வகுப்பில் இருந்தவள்.

“இன்னைக்கு எரியாதது நாளைக்கு எங்க புள்ளைகளுக்கு எப்படிங்க சார் எரியும்? நல்லாப் பாத்துட்டுப் போங்க. கரண்டக் குடுத்துட்டு வந்து ரிப்பன வெட்டுங்க.”

மற்ற அம்மாமாரும் போய் வாசலை மறித்து நின்றார்கள். பெரிய ஐயா கத்திரிக்கோலைத் தொடாமலே வாகனம் ஏறினார். மறுநாள் திரையைக் கழற்ற வந்தவர்களுக்கும் வாசலில் வழி கிடைக்கவில்லை.

நன்றி கெட்டவர்கள் என்கிறார்கள் நம்மை. யாருக்கு நன்றி? நாம் கேட்காததைத் தந்ததற்கா? எனக்கு இந்தப் பக்கம் அரசாங்க வேலை எதுவும் இனிக் கிடைக்காதாம். கிடைக்காவிட்டால் போகட்டும்.

லைன் இன்னும் வரவில்லை. ரிப்பன் வாசலிலேயே கட்டியிருக்கிறது. லைன் வரும்வரை அதில் கத்திரி பட விடமாட்டேன், இது உனக்கு என் வாக்கு. உன் வகுப்புச் சின்னப் பிள்ளைகள் அதன் கீழே குனியாமலே வகுப்புக்குப் போகிறார்கள். விசாரிக்க வருகிற அதிகாரிகள்தான் குனியவேண்டியிருக்கிறது.

உனக்கும் அடங்காத உன் தம்பி,
மோகன்