லாண்டிரி ஜன்னலில் மாதா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே உடம்பும் மனசுமாக நன்றாக இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவது வழக்கம், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் ஆஸ்பத்திரியில் எங்கே நின்று பேசினாலும் உன் தங்கச்சி பாப்பா காதில் விழுகிறது, இல்லையென்றால் அப்பா பக்கத்தில் இருக்கிறார். எதிர்வீட்டு டிரைவரின் மகள் உன் ஊருக்குத்தான் விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரை படி, பாதியில் கோபப்பட்டு மடித்து வைத்துவிடாதே.

நாங்கள் வேலை செய்கிற லாண்டிரி ஜன்னல் விஷயம் வீடியோவில் பார்த்த அளவுக்குத்தான் உனக்குத் தெரியும். பாப்பா விரிப்பு மடிக்கும் மேஜைக்கு நேர் மேலே இருக்கும் அதே ஜன்னல்தான், வருஷக்கணக்கில் நீராவியும் சோப்பும் பட்டுப் பட்டு வெளுத்துக் கிடந்தது. இஸ்திரி போடும் வெண்கலம் அக்கா, அவள் தொண்டைக்கு நீ வைத்த பெயர்தானே அது, ஒரு காலையில் மாதா மாதா என்று கத்தினாள், மெஷினில் கையைக் கொடுத்துவிட்டாள் என்று பயந்து நாங்கள் ஓடினோம். முக்காடு, சாய்ந்த தலை, கூப்பின கை எல்லாம் தெரியுது பாருங்க என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பக்கம் நின்றேன், அந்தப் பக்கம் நின்றேன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன், கறைதான் தெரிந்தது. அவள் விரலால் கோடு இழுத்துக் காட்டியதும் எனக்கும் பளிச்சென்று தெரிந்துவிட்டது, அதன் பிறகு தெரியாமல் இருக்கமாட்டேன் என்கிறது. ஒருத்தர் காட்டிக்கொடுத்துத் தெரிந்ததை நான் கண்டேன் என்று எப்படிச் சொல்வது? இதை வாயைத் திறந்து சொன்னதற்கு விசுவாசம் இல்லாதவள் என்று எனக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள். ஆவி பட்டு மாதா அழிந்துவிடக் கூடாது என்று முதலாளி ஜன்னலை ஒட்டிய மெஷினையே நிறுத்திவிட்டார், ஜெபமாலையும் மெழுகுவர்த்தியுமாகக் கூட்டம் வாசல் வரை நின்றது. பாய்லர் பார்க்கும் உன் அப்பா வேலையை விட்டுவிட்டு அவர்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

பாப்பா அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம், மாதா அவள் பக்கம் குனிந்தாளாம். என்ன சொன்னாங்க என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லலைம்மா, பாத்தாங்க, அவ்ளோதான்” என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு வலிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்து அவள் எங்கே எப்போது விழுவாள் என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தவள் நான், எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார், புது மாத்திரை பிடித்துக்கொண்டது என்றார். அப்பா மாதா என்றார். இரண்டு பேரும் சொல்வது சரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும், என் பிள்ளை விழாமல் இருந்தால் போதும் என்று நான் இருந்தேன்.

பிறகு ஆயர் விசாரிக்கச் சொன்னார் என்று பங்குத்தந்தை வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், வார்த்தையை அளந்து பேசுகிறவர். கூட்டம் சொல்வதெல்லாம் சாட்சி ஆகாது, குணமானதை டாக்டர்கள் பார்ப்பார்கள், மருந்து குணமாக்கியிருக்கலாம் என்று இருந்தால் திருச்சபை அதைப் புதுமை, மாதா செய்த அற்புதம் என்று சொல்லாது, வருகிற சேதிகளில் தேறுவது எங்கோ ஒன்றிரண்டுதான் என்றார். எங்கள் சூட்டைத் தணிக்கத்தான் அதைச் சொன்னார். இவ்வளவு சலித்து எடுக்கிறார்களே, அப்படியானால் தேறினதை நம்பலாம் போலிருக்கிறதே என்று எனக்கும் ஒரு தெம்பு வந்தது. பாப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சல்லடையில் தேற வேண்டும் என்று அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். அப்பாவுக்குத் தெரியும், என்னிடம் சொல்லவில்லை. “மாதாவுக்குச் சேர வேண்டிய பேரை ஒரு மாத்திரை எடுத்துக்கக் கூடாதுப்பா” என்றாளாம், அதைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். இப்போது நான் என்ன சொல்லித் திட்டுவது? அந்த ஜன்னலுக்குக் கீழேயே, அத்தனை பேர் முன்னாலேயே விழுந்தாள், ஒரு வலிப்பு நிற்பதற்குள் அடுத்தது வந்தது. எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள், அவளைத் தூக்க ஆளில்லை. வெண்கலம் அக்கா ஒருத்திதான் எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்து, என்னோடு சேர்ந்து அவளை விரிப்பு தள்ளும் வண்டியில் போட்டாள். ஈரத் துணியோடு துணியாக என் பெண்ணை நான் தள்ளிக்கொண்டு போனேன் ராசா. பங்குத்தந்தை ஆஸ்பத்திரிக்கு வந்து, நான் பேசாமல் இருந்திருக்கலாமே என்று குழந்தை மாதிரி அழுதார். அவளுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஜன்னல்கிட்டே சிலர் பேசிக்கொள்கிறார்கள். மாத்திரையை விட்டவளுக்கே போதவில்லை என்றால் வேறு யாருக்குப் போதும்?

நீ அன்றைக்கு, நிஜமாவே நம்புறியாம்மா என்று கேட்டாய், நான் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது சொல்கிறேன். மாதா உண்டு என்று நம்புகிறேன், அந்த நம்பிக்கை போய்விட்டால் நான் எழுந்து நடமாட மாட்டேன். எங்கெங்கோ காட்சி கொடுத்தாள் என்று சொல்கிறார்களே, கண்டவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. ஆனால் நம் ஜன்னலில் அவள் இல்லை. இருந்திருந்தால், அவளும் ஒரு பிள்ளை பெற்றவள்தானே, என் பிள்ளை விழுந்ததைப் பார்த்துக்கொண்டு கையைக் கூப்பிக்கொண்டே நின்றிருப்பாளா? நான் இப்போது ஜெபம் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடுகிறது.

பாப்பா கண்ணைத் திறந்துவிட்டாள், எங்களை அடையாளம் தெரிகிறது, அதற்கே நான் சந்தோஷப்பட வேண்டும். கண்ணைத் திறந்ததும் என்ன கேட்டாள் தெரியுமா? எனக்கு மருந்து ஏத்திட்டாங்களாம்மா என்று கேட்டாள். ஆமா கண்ணு, அதனாலதான் நின்னுச்சு என்றேன். அப்ப எல்லாம் போச்சு என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். ஊசியை நிறுத்தி இப்போது மறுபடி மாத்திரை கொடுக்கிறார்கள், நர்ஸ் நிற்கும்வரை வாயில் அடக்கி வைத்திருந்துவிட்டுத் துப்பிவிடுகிறாள், தலையணை உறைக்குள் நான் கண்டேன். இன்னொரு தடவை அப்படி விழுந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டார். பங்குத்தந்தை கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டார். மாத்திரையும் கடவுள் கொடுத்ததுதான் என்று எல்லோரும் சொல்லியாயிற்று, சிரிக்கிறாள். அப்பா சொல்லட்டும் என்றால் அவர் யாரிடமும் பேசுவதில்லை, இங்கே இல்லாத நேரமெல்லாம் போய் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அதனால் நீதான் சொல்ல வேண்டும். மாதா உன்னிடம் வந்தாள் என்று சொல். அறையில் வந்தாள், வேலை செய்யும் இடத்தில் வந்தாள், எங்கே என்றாலும் சரி, உன் தங்கச்சியை மாத்திரையை விழுங்கச் சொல் என்று சொன்னாள் என்று சொல். நான் சொன்னால் எடுபடாது, கறை என்று சொன்னவள் இப்போது அவளுக்காகப் புளுகுகிறேன் என்று பாப்பா கண்டுபிடித்துவிடுவாள். நீ எதையும் நம்பாதவன், சோப்புக் கறைம்மா என்று போனில் சிரித்தவன், அதனால் உன்னை நம்புவாள். சின்ன வயதிலிருந்து பொய் சொல்லாதே என்று உன்னை அடித்து வளர்த்த கையால்தான் இதை எழுதுகிறேன். பாவம் என்றால் என் கணக்கில் இருக்கட்டும். காட்சி கண்டதாகச் சொன்னவர்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒருத்தி படுத்திருந்தாளோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது, தோன்றாமலே இருந்திருக்கலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையை நனைத்துக்கொண்டு வெளியே போகாதே. கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே பாப்பாவுக்குப் போன் போடு, என்னைக் கேட்காதே, அவளிடம் கொடுக்கச் சொல். ரொம்ப அலங்காரமாகச் சொல்லாதே, ஒளி, பூ என்றெல்லாம் சேர்த்தால் மாட்டிக்கொள்வாய். எப்படி இருந்தாள் என்று கேட்டால் களைப்பாக இருந்தாள் என்று சொல். எப்போதும் போல மாதா உனக்குத் துணையிருக்கட்டும் என்றுதான் முடிக்கிறேன், வேறு யாரைச் சொல்ல?

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா