காப்போடு எல்லை தாண்டியவருக்கு

அண்ணா,

கச்சிராயபாளையம் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். நேற்று கள்ளக்குறிச்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஓரத்துப் புளியமரங்களை அறுத்துச் சாய்த்திருந்தார்கள். பச்சை மரம் அறுபட்ட வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பக்கத்தில் இருந்த பெண் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, "வாசன நல்லா இருக்குது இல்ல?" என்றாள். நானோ முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, இறங்கும் வரை கண்ணைத் திறக்கவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்த வாசனை என்னை அந்த மறியல் நாளில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது. வீட்டுக்கு வந்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

உயிரோடு இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. தெருவில் எதிர்ச் சாரி வீட்டில் இருக்கிறவருக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? துணை சுகாதார நிலையத்துக்கு நர்சாக நான் வந்து இறங்கியபோது, திருநாவலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்ணுக்கு வீடு கொடுக்க ஊரில் ஆளாளுக்கு யோசித்தார்கள். நீங்கள்தான், "ஊசி போடறவளுக்கு இன்னா சாமியா இருந்தா இன்னா? நம்ம சாமி வந்து ஊசி போடுமா?" என்று கேட்டு வாயை அடைத்தீர்கள். அன்றிலிருந்து நான் உங்களுக்கு நர்சம்மா. நீங்கள் எனக்கு அண்ணன்.

சாமியைக் கிண்டல் செய்கிற ஆள் என்று முதலில் நினைத்திருந்தேன். உங்கள் பக்தி எப்பேர்ப்பட்டது என்று பையனுக்கு மூளைக் காய்ச்சல் வந்தபோதுதான் தெரிந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையை முட்டிக்கொண்டு வேண்டிக்கொண்டீர்கள். பையன் பிழைத்து எழுந்தால், அவன் கல்யாணம் வரைக்கும் வருடா வருடம் அம்மனுக்குத் தீமிதிப்பதாக வேண்டுதல். பையன் எழுந்துவிட்டான். மருந்து பாதி, அம்மன் பாதி என்று நான் சொன்னபோது, "உனக்குப் பாதி குடுத்ததே ஜாஸ்தி" என்று சிரித்தீர்கள்.

உங்கள் ஜனங்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்ட இடஒதுக்கீட்டுப் போராட்டத்தையும் நீங்கள் அப்படியேதான் நம்பினீர்கள். உங்கள் தம்பி காலேஜ் முடித்துவிட்டுக் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். "படிக்காத நானும் தண்ணி கட்றேன், படிச்ச அவனும் தண்ணி கட்றான். அப்புறம் இன்னாத்துக்கு அவன படிக்க வச்சேன்?" என்று கேட்பீர்கள். மீட்டிங், ஊர்வலம், ஜெயில் என்று ஊரில் பாதி ஆண்கள் அலைந்த காலம் அது. போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் பெண்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள்.

அந்த வருடம் தீமிதியும் சாலை மறியலும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. அம்மன் கோயிலில் காப்புக் கட்டியாகிவிட்டது. மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு வைத்து மணிக்கட்டில் கட்டிவிட்டால், தீமிதி முடிகிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, சாவு வீட்டை எட்டிப் பார்க்கக் கூடாது. அதனால் காப்புக் கட்டாதவர்களை மெயின் ரோட்டுக்கு அனுப்பிவிட்டு, காப்புக் கட்டிய உங்களுக்கெல்லாம் ஊர் எல்லையை ஒதுக்கினார்கள். வேண்டுதலும் கெடாது, மறியலும் நடக்கும். நல்ல ஏற்பாடு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எல்லைக் கல்லை ஒட்டி நின்ற புளியமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

சின்னப்பொண்ணை அன்றைக்குக் காலையில் கொண்டுவந்தார்கள். கரியாலூருக்கு மேலே ஒரு மலை ஊர். குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை, ரத்தம் நிற்கவில்லை. புருஷன் ஆண்டியும் அவன் தம்பியும் மச்சானும் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, இவளைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். கச்சிராயபாளையத்தில் பஸ் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் கயிற்றுக் கட்டிலைக் கொடுத்து மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். வண்டி நம் ஊருக்குள் வந்தபோது நான் பார்த்தேன். பார்த்ததும் என் கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். வண்டியில் ஏறி, அவள் அடிவயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எல்லையில் மரம். இரண்டு பக்கமும் வாய்க்கால் தண்ணீர் நிறைந்த சேற்று வயல். வண்டியைச் சுற்றிக்கொண்டு போக வழியில்லை. அந்தப் பக்கம் கள்ளக்குறிச்சி வரைக்கும் இதே மாதிரி மரங்கள் கிடப்பதாகச் சொன்னார்கள். தோளில்தான் தூக்கிப் போக வேண்டும்.

"மலைக்காரங்களுக்குத்தான் கவர்மெண்டு எல்லாம் எப்பவோ குடுத்துட்டாங்களே, ஜீப்பு அனுப்பச் சொல்லு" என்று ஒரு இளவட்டம் சொன்னான். நீங்கள் திரும்பிப் பார்த்து, "குடுத்திருந்தா ஏன்டா கட்டில்ல வருது?" என்றீர்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவன்தான் முதலில் எழுந்து வந்து கட்டிலைப் பிடித்தான்.

கெட்டவர்கள் யாரும் இல்லை, அண்ணா. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாத மாதிரி அவளைக் கட்டிலோடு மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். ஒருவர் துண்டை மடித்துத் தலைக்கு வைத்தார். ஒருவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். இறக்கிவிட்டு, எல்லைக் கல்லுக்கு ஊர்ப் பக்கமாகத் திரும்பி வந்து நின்றுகொண்டார்கள். கட்டிலுக்கு நாலு மூலை. மலையிலிருந்து வந்தவர்கள் மூன்று பேர். வண்டிக்காரர் கிழவர், மாட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் வயிற்றிலிருந்து கையை எடுக்க முடியாது. மரத்தை ஒட்டி அத்தனை ஆண்கள் நின்றார்கள், அத்தனை மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு.

"கர்த்தரே, ஒருத்தராவது இல்லையா!" என்று கத்தினேன். உங்களைப் பார்த்துக் கத்தவில்லை. உங்கள் பையன் எப்படிப் பிழைத்தான் என்று தெரிந்தவள் நான். உங்களிடம் கேட்க எனக்கு வாய் வருமா? உங்கள் கண்ணையே நான் தவிர்த்தேன்.

நீங்கள் மேலே பார்க்கவில்லை, கும்பிடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லைத் தாண்டி வந்தீர்கள். பின்னால் உங்கள் பங்காளி ஒருவர், "டேய், வேணாம்டா, ஒரே புள்ளய வச்சிக்கினு கீற!" என்று அலறினார். "ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றீர்கள். நாலாவது மூலை மேலே எழுந்தது.

வழி நெடுக மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து கட்டிலைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள், சிலர் கொஞ்ச தூரம் தோள் மாற்றியும் விட்டார்கள். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் சின்னப்பொண்ணு கண்ணைத் திறந்தாள். "புள்ள பால் குடிச்சிச்சா?" என்று கேட்டாள். ஆண்டி, "குடிச்சிட்டுத் தூங்குது" என்றான். அவள் தலையை அசைத்தாள். பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் விரலுக்குக் கீழே நாடி நின்றுவிட்டது. கட்டிலை இறக்கச் சொன்னேன்.

ஆண்டிதான் முதலில் பேசினான். "அண்ணே, நீங்க காப்புக் கட்டினவங்க. பொணமாயிடிச்சி. தொடாதீங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று உங்களைக் கும்பிட்டான். பெண்டாட்டியைப் பறிகொடுத்த அந்த நிமிஷத்தில் அவனுக்கு உங்கள் காப்பு ஞாபகம் இருந்தது. நீங்கள், "மூணு பேரு எப்பிடிடா தூக்குவீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உங்கள் மூலையில் போய் நின்றீர்கள். அதே ரோடு, அதே மரங்கள். இந்த முறை எல்லோரும் விலகி நின்றார்கள். நம் ஊர் எல்லையைத் தாண்டி, உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி, மலையடிவாரம் வரைக்கும் அவளைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பினீர்கள்.

ஊர் உங்களை அடிக்கவில்லை, தள்ளி வைக்கவும் இல்லை. கோயிலுக்கு வெளியே நிற்க வைத்துக் காப்பை அறுத்தார்கள், அவ்வளவுதான். பூசாரி, "எல்லைய தாண்டினதுக்கு எதனா பரிகாரம் சொல்லலாம். பொணம் தொட்ட கைக்கு நான் இன்னாத்த சொல்றது?" என்று அழாத குறையாகக் கேட்டார். தீமிதி அன்றைக்கு நீங்கள் கூட்டத்துக்கு வெளியே தனியாக நின்றீர்கள். அண்ணிதான் பொறுக்க மாட்டாமல், "அவளும் பொழைக்கல. யார் வூட்டுப் பொண்ணுக்கோ எம்புள்ளய கொண்டு போய் பணயம் வச்சிட்டியே!" என்று தெருவில் மண்ணை வாரித் தூற்றினார். பல மாதம் உங்களோடு பேசவில்லை. சோறு வைப்பார், முகம் பார்க்க மாட்டார்.

அதற்குப் பிறகு பையனுக்குத் தும்மல் வந்தாலும் என் வாசலில் நிற்பீர்கள். "நர்சம்மா, கொஞ்சம் நெத்தியத் தொட்டுப் பாரு." தொட்டுப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. "நல்லாப் பாரு" என்பீர்கள். ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் அம்மனும் ஒரு தாய்தானே, சாகக் கிடந்தவளைத் தூக்கியதற்கா பிள்ளையைப் பறிப்பாள் என்று சத்தம் போட்டேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் செஞ்சது தப்பு இல்ல நர்சம்மா. ஆனா அவளாண்ட வாக்குக் குடுத்துட்டு மீறினவன் நானு. அவ கோச்சிக்கினா அதுவும் தப்பு இல்ல" என்றீர்கள். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று கேட்டேன். "அது எனக்கும் தெரியல. உங்க சாமியாண்டயும் பையனுக்காக ஒரு வார்த்த சொல்லி வையி" என்றீர்கள். அன்றிலிருந்து என் காலை ஜெபத்தில் உங்கள் பையன் பெயர் உண்டு.

ஒதுக்கீடு வந்தது. உங்கள் பையனும் அதில்தான் படித்தான், வேலைக்குப் போனான். சின்னப்பொண்ணின் குழந்தையும் பிழைத்து வளர்ந்து, மலையிலேயே எங்கோ வாக்கப்பட்டிருப்பதாகக் கேள்வி. எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் சொல்லிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தீமிதிக்கும் தூரத்தில் நின்று, தணல் ஆறுகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவீர்கள்.

பையனுக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம், கோயில் பொறுப்புக்கு வந்திருந்த அடுத்த தலைமுறைக்காரர்கள் உங்களைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு முதலில் கட்டிலைப் பிடித்த அந்த இளவட்டமும் அவர்களில் ஒருவன், இப்போது தலை நரைத்துவிட்டது. பழசை விட்டுவிட்டு இந்த ஒரு தடவையாவது தீமிதித்து வேண்டுதலை முடித்துவிடுங்கள் என்றார்கள். உங்கள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. என்னையும் கோயில் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனீர்கள். கையை நீட்டினீர்கள். பூசாரி கயிற்றைச் சுற்றப் போனபோது, "ஒரு வார்த்த கேட்டுக்கறேங்க" என்றீர்கள். "நடுவுல யாரனா அந்த மாதிரி வந்தா நான் போவேன். ஒத்துக்குவீங்களா?"

பூசாரி தரையைப் பார்த்தார். அந்த நரைத்த தலைக்காரன், "இப்போ ஆம்புலன்ஸ் இருக்குதுங்க மாமா, யாரு வரப் போறாங்க? சும்மா கட்டிக்கினு மிதிங்க" என்றான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு, அண்ணே, பேசாமல் கட்டிக்கொள்ளுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். நீங்கள் கையை இழுத்துக்கொண்டீர்கள். "அப்போ வேணாம்பா. மறுபடியும் அவளாண்ட பொய் சொல்ல முடியாது."

போன தையில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். நான் கடைசியாகப் பார்க்க வந்தபோதும், "பையன் ஒடம்பு எப்பிடி கீது?" என்றுதான் கேட்டீர்கள். அவன் உங்கள் கால்மாட்டில்தான் நின்றுகொண்டிருந்தான், அவனுக்கே ரெண்டு பிள்ளைகள்.

போன மாதம் அவன் வேலை பார்க்கிற சேலத்திலிருந்து போன் செய்தான். "அத்தே, நாலு நாளா ஜொரம் உடல. இன்னா மாத்திர போடட்டும்?" என்றான். ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னேன், சாதாரண வைரஸ் ஜுரம்தான் என்று தைரியமும் சொன்னேன். போனை வைத்ததும் எனக்கு உங்கள் அம்மன் ஞாபகம்தான் வந்தது. மூடநம்பிக்கை என்று உங்களோடு அத்தனை வருடம் மல்லுக்கட்டியவள் நான். முழங்கால் போட்டு என் கர்த்தரிடம் சொன்னேன். எழுந்தேன். எழுந்தும் மனசு அடங்கவில்லை.

அண்ணா, எங்கள் போதகருக்குத் தெரிந்தால் திட்டுவார். செருப்பை மாட்டிக்கொண்டு உங்கள் அம்மன் கோயிலுக்குப் போனேன். உள்ளே போகவில்லை, நீங்கள் நிற்கிற தூரத்திலேயே நின்றேன். கும்பிடத் தெரியவில்லை. சும்மா பேசினேன். "அவரு போயிட்டாரு. அன்னிக்கிக் கத்திக் கூப்பிட்டது நான்தான். கேக்கறதுன்னா என்னக் கேளு, புள்ளய வுட்டுடு" என்றேன்.

இரண்டு நாளில் அவனுக்கு ஜுரம் விட்டுவிட்டது. அவனிடம் நான் எதையும் சொல்லவில்லை. அடுத்த முறை அவனுக்கு ஜுரம் என்று போன் வந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு அங்கேதான் போய் நிற்பேன்.