ஓட்டல் சாப்பாட்டு அறையில் ஓர் ஆராதனை

அன்பு மகளுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் முழங்காலைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். கிறிஸ்துமஸ் எப்படிப் போயிற்று என்று கேட்டிருந்தாய். அன்றைக்கு அந்த ஓட்டல் சாப்பாட்டு அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. நான், உன் தம்பி, அவன் பெண்டாட்டி, வரவேற்பு மேசைப் பெண், தொப்பி போட்ட சமையல்காரர், அறை கூட்டுகிற அம்மாள். வேறு ஒருத்தரும் இல்லை.

பனிமூட்டத்தால் நாங்கள் மாறி ஏறவேண்டிய இரண்டாவது விமானம் கிளம்பவில்லை, வழியில் ஏதோ ஓர் அயல்நாட்டு ஊரில் எங்களை ஓட்டலில் தங்கவைத்தார்கள். பெட்டி வந்து சேரவில்லை, அதற்குள்தான் என் வேதாகமம். காலையில் ஜன்னலைத் திறந்தால் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள், கடைக்காரர் ஷட்டரைத் தூக்குகிறார். கீழே மூலையில் ஜோடித்த மரம் நிற்கிறது, விளக்கு இருக்கிறது, பஞ்சு இருக்கிறது, தொழுவத்துக் குழந்தையைத்தான் காணோம். உன்னை நிறைமாசமாகச் சுமந்துகொண்டே கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போனவள் நான், இந்த வருஷம் மட்டும் தவறவிடுவேனா? பக்கத்தில் சர்ச் கிடையாதாம். சரி, சாப்பாட்டு அறையிலேயே வைத்துக்கொள்வோம் என்றேன். உன் தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. இங்க இன்னிக்கு சாதாரண வியாழக்கிழமைம்மா, மானத்த வாங்காத என்று வாசலோடு நின்றுகொண்டான். அங்கேயே நில்லுடா ராசா, எனக்கு மேசை நாற்காலி போதும் என்று பாட ஆரம்பித்துவிட்டேன்.

சத்தம் கேட்டு அந்த மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள், மருமகள் கைகாட்டி உட்காரவைத்தாள். புத்தகம் இல்லாவிட்டால் என்ன, லூக்கா இரண்டாம் அதிகாரம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நான் சொல்லச் சொல்ல மருமகளின் போன் அவர்கள் பாஷையில் சொல்லிற்று, அவர்கள் பேசினால் நம் பாஷையில் சொல்லிற்று. கர்த்தர் பிறந்தது அவர்களுக்கு முன்பின் கேட்காத கதை. சத்திரத்தில் இடமில்லை என்று வந்ததும் மேசைப் பெண் கையை நீட்டி நிறுத்திவிட்டாள். பிள்ளைத்தாச்சியையா வெளிய அனுப்பினான், ரூம் இல்லன்னா பக்கத்து ஓட்டலுக்குப் போன் போடணும், அதுவரைக்கும் சோபாவுல உட்காரவைக்கணும், எங்க வேலையில முதல் பாடமே அதுதான் என்று பொரிந்தாள். சூடா ஒரு கிண்ணம் சூப்பாவது குடுத்தானா என்று சமையல்காரர். தொழுவத்த யாரு கூட்டிக் குடுத்தா என்று அந்த அம்மாள். இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லையே! உன் தம்பி சிரிப்பை அடக்கமாட்டாமல் உள்ளே வந்து, மேய்ப்பர்களைச் சீக்கிரம் வரச் சொல்லும்மா, இவங்க சண்டைக்குக் கிளம்பிருவாங்க என்று அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தான். கடைசி ஜெபத்தை அவனே செய்தான், அதுவும் சத்தமாக.

மாப்பிள்ளைக்குச் சளி விடவில்லை என்றாயே, ஐஸ் தண்ணீரை நிறுத்து. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்கள் வீட்டை நிறைவாக வைப்பார். பெட்டி வந்துவிட்டது, ஆகவே விமானக்காரர்களை மன்னித்துவிட்டேன். உன் தம்பியையும் மன்னித்தாயிற்று, நீயும் குத்திக்காட்டாதே. அந்தச் சத்திரக்காரனைத்தான், இத்தனை காலம் எப்படிச் சும்மா விட்டேனோ, இனி மன்னிப்பதாக இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா