அலகு இல்லாத பதினெட்டு

ஜூன் 16, திங்கள்

ஆம், என் கையெழுத்துத்தான். ஏழுக்கு நடுவே குறுக்குக் கோடு போடுவது எங்கள் வீட்டில் நான் மட்டும்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று, விடிந்ததிலிருந்து. பல்லிடுக்கில் மணல்.

நேற்று அண்ணன் இறந்த முப்பத்தோராம் நாள் காரியம். வாழைச்சேனையில், அண்ணன் மனைவி மச்சாளின் வீட்டில். சாப்பாடு முடிந்தபின் ரவி அண்ணன் என்னைப் படகடிக்குக் கூட்டிப்போனார். அண்ணனோடு எட்டு வருடம் கடலட்டை பிடிக்கக் கடலுக்குள் சுழியோடியவர். படகுப் பெட்டியின் மூடியைத் திறந்தார். உட்பக்கம், லமினேற் செய்து ஒட்டியபடி, நான் தை மாதம் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த தாள். இரண்டு நிரல். ஆழம். நேரம். இந்த ஆழத்தில் இத்தனை நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. பல்கலைக்கழக நூலகப் புத்தகம் ஒன்றைப் பார்த்து எழுதியது.

"பேப்பர்ல பிழையில்ல தங்கச்சி. பதினெட்டுக்கு ஐம்பது போட்டிருக்கு. எனக்குக் காது வலி, நான் வெள்ளெனவே ஏறிட்டன். மேல இருந்து மணி பாத்தன். அண்ணன் நாப்பத்தஞ்சுல வந்திட்டார். அவர்ட விதி."

பதினெட்டு என்ன என்று கேட்டேன்.

"பாகந்தான். வேறென்ன?"

இரு கையையும் விரித்தால் ஒரு பாகம். கயிற்றை அப்படித்தான் அளக்கிறார்கள், மார்புக்குக் குறுக்கே இழுத்து இழுத்து. இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவு.

நான் எழுதியது மீற்றர். எழுதியது என்பது பொய். நினைத்தது மீற்றர். தாளில் 'ஆழம்' மட்டும்.

ஒரு மாதமாகப் படகு இறங்கவில்லை. சனிக்கிழமை இறங்குகிறார்களாம். இதே தாளை வைத்து.

நல்லது என்றேன். வடை கட்டித் தந்தார்கள். வாங்கிக்கொண்டு ஆரையம்பதிக்கு வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

பதினெட்டுப் பாகம், முப்பது மீற்றருக்கு மேல். அந்த ஆழத்துக்குப் புத்தகம் தருவது பதினைந்து நிமிடம். அண்ணன் நின்றது நாற்பத்தைந்து.

இவ்வளவு நாள் ஏன் ஒன்றும் ஆகவில்லை? அதையும் கணக்குப் பார்த்தேன். அதுவரை பத்துப் பாகத்துக்குள்தான் இறங்கினார்கள், ஒற்றைச் சிலிண்டரோடு. என் தாள் தந்த நேரம் முடியுமுன் காற்று முடிந்துவிடும். பிழை உள்ளேயே இருந்திருக்கிறது, வெளியே வர வழியில்லாமல். அன்று முதன்முறையாக இரட்டைச் சிலிண்டர். முதன்முறையாகப் பதினெட்டு.

பள்ளிக்கூடம். 13B வகுப்பு, வாயுக்கள் பாடம். அமுக்கம் கூடக் கனவளவு குறையும். அமுக்கம் கூடத் திரவத்தில் கரையும் வாயுவும் கூடும். கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பப் பிடிக்கவில்லை. கீழே சுவாசித்த நைதரசன் இரத்தத்தில் கரைந்து கிடக்கும். மெல்ல ஏறினால் மெல்ல வெளியேறும். இல்லாவிட்டால் குமிழ். முதலில் மூட்டில். பிறகு முள்ளந்தண்டில்.

படகில் படுத்துக்கொண்டு கால் எங்கே என்று கேட்டாராம். கால் இருக்கு அண்ணன் என்று ரவி அண்ணன் தொட்டுக் காட்டினாராம். கரைக்கு வரும் வரை மூன்று தடவை கேட்டாராம்.

விடைத்தாள் திருத்தல். ஒரு பிள்ளை அமுக்கம் = 3 என்று மட்டும் எழுதியிருக்கிறாள். அலகு இல்லை. நான் அரைப் புள்ளி குறைப்பவள். வகுப்பில் எனக்கு 'அரைப்புள்ளி மிஸ்' என்று பெயர். சிவப்புப் பேனை தாளின் மேல் நின்றது. அந்தத் தாள் இன்னும் திருத்தாமல்.

இப்போது கேட்கத் தாங்காத சத்தங்கள்: குக்கர் விசில். பஸ் பிரேக் விடும் மூச்சு. சைக்கிள் ரியூப். ஜின்ஜர் பியர் மூடி.

ஜூன் 18, புதன்

வாவி அசையவில்லை. கல்லடிப் பாலத்தில் நின்று ரவி அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

ஒத்திகை பார்த்த வசனம்: அந்தத் தாள் பழையது, பாவிக்க வேண்டாம், புதிது தருகிறேன். பாதி உண்மை. பாதி உண்மை போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. புதிதைப் பிறகு தாருங்கள், அவசரமில்லை என்றார். அதைக் கிழிக்க மாட்டாராம். அண்ணன் கையால் ஒட்டினது, அவர் நம்பினது, எனக்கும் அதுவே போதும் என்றார். பக்கத்துப் படகுக்காரனும் போனில் படம் எடுத்துப் போயிருக்கிறானாம். சொல்லும்போது குரலில் பெருமை. டீச்சர் எழுதிய பேப்பர்.

வைத்துவிட்டேன்.

தை மாதம் அண்ணனுக்குச் சோடாப் போத்தலால் காட்டினேன். குலுக்கி, ஒன்றைச் சடாரென்று திறந்து. மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக. சுவரெல்லாம் சோடா. அம்மா ஏசினா. அண்ணன் சிரித்து, "இவ்வளவுதானா? இதுக்கா நாலு வருசம் படிச்ச நீ?" என்றார். அப்படியென்றால் ஒரு பேப்பரில் எழுதித் தா என்றார். கால் மணித்தியாலத்தில் எழுதினேன். பின்னால் ஆட்டோ காத்திருந்தது. எங்கே போக இருந்தேன் என்று ஞாபகமே இல்லை.

ஜூன் 19, வியாழன்

மச்சாள் போன். முப்பத்தோராம் நாள் சாமான்களில் எங்கள் சருவச்சட்டி ஒன்று அங்கே நின்றுவிட்டதாம். பிறகு, அதே மூச்சில்:

"ரவி சொல்றதெல்லாம் பொய் கா. கூட்டாளியக் காப்பாத்துறான். இன்னும் ரெண்டு அட்டைக்கு ஆசைப்பட்டு நிண்டிருப்பார் இவர். படிச்ச தங்கச்சி எழுதிக் குடுத்தும் கேக்கல்ல. என்னையும் நினைக்கல்ல."

நான் ம் என்றேன். 'ம்' என்று சொன்ன வாய் இது.

அம்மா சொல்வது வேறு. காத்துக்கறுப்பு அடித்ததாம். வாசலில் வேப்பிலை. அம்மாவின் காரணத்தில் குற்றவாளி யாருமில்லை. எனக்கு அதன்மேல் பொறாமை.

சொன்னால் என்ன ஆகும்? எழுதிப் பார்த்தேன்.
மச்சாள் இனி என்னோடு பேசமாட்டா.
அம்மாவுக்குத் தெரிய வரும்.
பள்ளிக்கூடத்துக்கும்.
சொல்லாவிட்டால்: சனி, பதினெட்டு, ஐம்பது.

இதில் நிறுத்துப் பார்க்க என்ன இருக்கிறது? ஆனாலும் நான்கு நாளாக நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

பாடசாலை விட்டதும் வாழைச்சேனை பஸ். ஏறாவூரில் சனம் ஏறி நெருக்கியது. இறங்கிவிடலாம் என்று ஒருமுறை எழுந்தேன். இருக்கை போய்விட்டது. மிச்சத் தூரம் நின்றே.

மச்சாள் வீட்டு விறாந்தையில் ரவி அண்ணன் சிலிண்டர்களுக்கு வால்வு மாற்றிக்கொண்டிருந்தார். மச்சாள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தா. தேத்தண்ணி வேண்டாம் என்றேன். நின்றபடியே சொன்னேன். தாளில் இருப்பது மீற்றர். நான் எழுதவில்லை. அண்ணன் தாள்படிதான் நடந்தார். தாள்தான் பிழை. நான்.

ரவி அண்ணன் திருகியைக் கீழே வைத்தார். கை இரண்டையும் பார்த்தார். தன் காதைத் தொட்டுக்கொண்டு, "அப்ப என்னக் காப்பாத்தினது இந்தக் காதுதான்" என்றார்.

மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக் கேட்டா.

"அப்ப அவர் சொல்லுக் கேட்டவர்தான்?"

ஓம் என்றேன்.

"அஞ்சு நிமிசம் முந்தியே வந்தவர்?"

ஓம்.

"ஒரு மாசமா அவர ஏசிட்டு இருக்கன் கா. படத்துக்கு முன்னால நிண்டு ஏசிட்டு இருக்கன்."

உள்ளே போனா. திட்டுவா, வெளியே போ என்பா என்று காத்திருந்தேன். கொப்பியும் பேனையும் கொண்டுவந்து மேசையில் வைத்தா. எனக்கு முன்னால் அல்ல, மேசை நடுவில்.

"இவன் நாளைக்கும் போவான். போகாட்டிச் சோறு இல்ல. எழுது."

இதுவரை என்னை நீங்க என்றுதான் சொல்லுவா.

ரவி அண்ணன் சுவரோடு நின்று கையை விரித்தார். அளவுநாடா. ஒரு மீற்றர் எழுபத்திரண்டு சென்ரிமீற்றர். அதை வைத்துக் கணக்கு. ஒவ்வொரு வரியிலும் ஆழத்துக்குப் பக்கத்தில் பாகம், நேரத்துக்குப் பக்கத்தில் நிமிடம். ஒவ்வொன்றிலும் நேரத்தைக் குறைத்தே எழுதினேன். பழையதைப் படகிலிருந்து உரித்தெடுத்தோம். பக்கத்துப் படகுக்காரனுக்கு ரவி அண்ணன் போன் எடுத்தார். நான் வாங்கி அவனிடமும் சொன்னேன், முழுதும்.

பிறகு ரவி அண்ணன் புதியதைச் சத்தமாக வாசித்தார். மச்சாள் கொப்பியைப் பிடுங்கித் தானும் வாசித்தா. "இப்ப நீ" என்றா.

வாசித்தேன். பஸ்ஸுக்கு நடந்தேன்.