உன் எண் இருந்த வரி

தைத்துப் பார்க்க நீ வைத்திருந்த தோல் துண்டை இன்று இழுப்பறையிலிருந்து வெளியே எடுத்தேன். நீ குத்தி வைத்த ஊசி அப்படியே இருக்கிறது. ஆம்பூரில் தோல் வாசனைக்கா பஞ்சம்? ஆனாலும் இது உன் கைப்பையில் கிடந்த வாசனை.

பயோடேட்டா அடிக்க என் ஜெராக்ஸ் கடைக்கு வரும் பெண்களிடம், முன்பு எங்காவது வேலை செய்தாயா என்று கேட்பேன். "இல்லக்கா, வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்பார்கள். ஷிப்ட் முடிந்து டீ குடிக்க வந்திருக்கும் நீ சண்டைக்கு வந்துவிடுவாய். "சும்மா இருக்கிறவளுக்கு விரல்ல இவ்ளோ காய்ப்பு எப்டிம்மா வந்துச்சு? வீட்ல ஷூ தைக்கிறியா இல்லியா?"

தைக்கிறார்கள்தான். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடும் ஷூ மேல்தோலை, சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே, வருஷக்கணக்காக. அது வேலை என்றே அவர்களுக்குத் தோன்றியதில்லை. எந்தக் கம்பெனிப் பதிவிலும் அவர்கள் பெயர் கிடையாது.

"கடைசி வரியில என் பேரு, நம்பர் போடுடி. கேட்டா நான் பேசிக்கிறேன்" என்று என்னிடம் சொன்னாய். ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு நீ சூப்பர்வைசர். உன் வார்த்தை எடுபடும். ஆனால் சும்மா போட விடமாட்டாய். ஸ்டூலில் உட்காரவைத்து, இந்தத் துண்டில் ஒரு வரி தைக்கச் சொல்வாய். "பாக்காம சொன்னா அப்புறம் எனக்குத்தான் பேஜாரு."

இன்று ஒடுகத்தூர்ப் பக்கமிருந்து ஒருத்தி வந்தாள். தோல் பதனிடும் டேனரியில் மூட்டை தூக்கி அவள் வீட்டுக்காரருக்கு இடுப்பு போய்விட்டது. நாளைக்கு இவளுக்கு இன்டர்வியூ. "அந்த அக்கா நம்பர் போட்டா எடுத்துக்குவாங்களாமே" என்றாள். நீ இல்லை என்று சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

"அப்போ எனக்கு யாரு சொல்லுவாங்கக்கா?"

எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. இத்தனை பேருக்கும் ஒரே ஆளாக நின்றுவிட்டு, ஒரு காய்ச்சலோடு போய்ச் சேர்ந்துவிட்டாயே! எனக்குத் தெரிந்தது டைப் அடிக்க மட்டும்தான்.

வேறு வழி தெரியாமல் துண்டை நீட்டினேன். மற்றவர்கள் தைத்த வரிகளுக்குக் கீழே அவளும் ஒரு வரி தைத்தாள். முடிச்சுப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நானும் உன்னைப் போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டேன். உன் எண் இருக்க வேண்டிய வரியில் என் எண்ணை அடித்துக் கொடுத்தேன். ஆயிரம் முறை நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

நாளைக்குக் கம்பெனியிலிருந்து ஃபோன் வரும். தையல் எப்படி என்று கேட்பார்கள். நான் என்ன சொல்ல?

கடையைப் பூட்டிய பிறகும் துண்டை உள்ளே வைக்க மனம் வரவில்லை, கையோடு எடுத்துவந்துவிட்டேன். நீ சரி என்று சொன்ன வரிகளையும் அவள் வரியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. நல்லா தைச்சிருக்காளாடி? அதை மட்டும் சொல்லிவிடேன்.