வீரையன் சொன்ன மழை

இன்று மதியம் செல்போனில் ஒரு செய்தி வந்தது. அடுத்த மூன்று மணி நேரத்தில் இடி மின்னலுடன் மழைக்கு வாய்ப்பாம். மருமகள் உரக்க வாசித்தாள். எதிர்வீட்டில் கொடித்துணியை எடுத்தார்கள், ரோட்டில் காய்ந்த நெல்லைக் கூட்டினார்கள். சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏங்க, எனக்கு உங்கள் நினைவு வந்துவிட்டது. மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

கூலிச் சண்டை ஊருக்கு ஊர் நடந்த வருஷம் அது. சென்னையில் ஆட்சி புதிது. நம் வயலில் ஆட்கள் பறித்துப் போட்ட உளுந்துச் செடி காய்ந்து கிடந்தது. கோடை முழுக்க நம் அடுப்பு அதை நம்பித்தான். கூலியாகத் தரும் பங்கைக் கூட்டிக் கொடுத்தால்தான் களத்துக்குத் தூக்குவோம் என்று அவர்கள் நின்றுவிட்டார்கள். "நீ முதல்ல இறங்கிட்டா எங்க கதி என்னய்யா?" என்று பெரிய நிலக்காரர்கள் உங்களைப் பிடித்துவைத்திருந்தார்கள்.

அன்று பகலிலேயே கடல்காற்று அடங்கி, இலை அசையாமல் புழுங்கியது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ரேடியோவில் ஓரிரு இடங்களில் மழை என்றார்கள். ஆட்களுக்காகப் பேசும் வீரையன் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, பொழுது சாயறதுக்குள்ள மழை இறங்கிருமுங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, தூக்கிப்புடுறோம்."

"வானத்தைக் காட்டி மிரட்டுறியா?" என்றீர்கள்.

"மேகம் எங்க சங்கத்துல இல்லீங்களே."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு உங்கள் முகம் மூடிக்கொண்டது.

அவர்கள் போனபின் நானும் சொன்னேன், "நிசமாவே வந்துரும்போல இருக்குங்க."

"நீயும் அவங்க கட்சியா? ஓரிரு இடம்னா நம்ம இடமாத்தான் இருக்கணுமா?"

அப்படிக் கேட்டபோதும் நீங்கள் மேற்கேதான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கும் தெரியும். வீரையன் வாயால் வந்ததால் மழையே பேரமாகிவிட்டது.

முதல் இடி இடித்ததும் பாயும் சாக்குமாக இருவரும் ஓடினோம். எதை மூடுவது? வெள்ளம் செடிகளை வாய்க்கால் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. வீரையனும் பெண்களும் வரப்பில் நனைந்தபடி நின்றார்கள். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் பங்கும் அதற்குள்தான் கிடந்தது.

"கேட்டதைக் கொடுக்கிறேன், தூக்குங்க" என்று மழையில் கத்தினீர்கள்.

"எதுலேர்ந்து கொடுப்பீங்க ஐயா?" என்றார் வீரையன். குரலில் கேலி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இரண்டொரு நாளில் நெற்றுக்குள்ளேயே உளுந்து முளைவிட்டது. வருஷக் கணக்கு எழுத உட்கார்ந்தபோது, உளுந்து என்று எழுதி எதிரே ஒரு கோடு கிழித்தேன். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நீங்கள் பேசியதே இல்லை. பேசாமலே போய்விட்டீர்கள்.

இன்றும் இடி கேட்டால் மாரியம்மனிடம் "காப்பாத்து தாயே" என்று கைகூப்புகிறேன். "எங்க வயலை" என்று மட்டும் சொல்ல வாய் வருவதில்லை. வரப்பில் நின்றவர்களையும் சேர்த்துச் சொல்லலாம் என்றால், அந்தப் பெண்களின் பேர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அன்று கேட்டுவைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. வீரையன் பேரையும் உங்கள் பேரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு விளக்கை ஏற்றுகிறேன்.