வரிசையில் கடைசி இடம்

வீட்டில் அப்பாவாகவும் முகாமில் சாராகவும் இருந்த என் அப்பாவுக்கு,

கயல் எழுதுகிறேன். நம் வீடு பெரிதாகிவிட்டது அப்பா. கூடாரங்களையும் கயிறுகளையும் கம்புகளையும் குமரேசன் அண்ணன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த ஈரக் கித்தான் வாசனை இல்லாமல் முன்னறை வேறு யாரோ வீட்டு அறை மாதிரி இருக்கிறது. உட்கார்ந்து படிக்க இடமே இல்லை என்று உங்களிடம் எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன்? இப்போது அறை முழுக்க எனக்குத்தான். ஆனாலும் கூடார மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன மூலையில்தான் புத்தகத்தோடு போய் உட்காருகிறேன்.

நீங்கள் வேலை பார்த்த ஷூ கம்பெனியிலேயே அம்மா தையல் பிரிவில் சேர்ந்துவிட்டாள். விடிந்ததும் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். பள்ளி விட்டு வந்து பூட்டைத் திறப்பது நான்தான். மொட்டை மாடிக் கொடியில் உங்கள் சாரணர் பையன்களின் ஸ்கார்ஃப் எல்லாம் வரிசையாகக் காயுமே, அங்கே இப்போது என் யூனிஃபார்மும் அம்மாவின் புடவையும் மட்டும் ஆடுகின்றன.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் இருந்தபோது எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. உங்களில் எனக்கென்று ஏதாவது இருந்ததா அப்பா?

வாரம் முழுக்கக் கம்பெனி. சனி சாயங்காலமும் ஞாயிறும் ஆண்கள் பள்ளியின் சாரணர் படை. நீங்கள் அந்தப் பள்ளியின் வாத்தியார்கூடக் கிடையாது. சம்பளம் இல்லாமல், ஆசைக்காகப் போனீர்கள். ஆம்பூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒருவன் சைக்கிளை நிறுத்தி உங்களுக்கு மூன்று விரல் சல்யூட் வைப்பான். பிறகு என்னைப் பார்த்து, "ஸ்கவுட் சார் பொண்ணுதான நீ?" என்பான். என் பெயரை யாரும் கேட்டதில்லை. வகுப்பில் திவ்யா ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"எங்கண்ணனுக்கு நீச்சல் கத்துக்குடுத்ததே உங்கப்பாதான்டி. ஆமா, உனக்கு நீச்சல் தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

ஏலகிரி முகாம் நினைவிருக்கிறதா? எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று என்னையும் கூட்டிப் போனீர்கள். பஸ் ஏறும் முன் குனிந்து சொன்னீர்கள். "பாப்பா, மலை ஏறிட்டா நான் சார். அப்பான்னு கூப்ட்டா திரும்ப மாட்டேன்." விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். மேலே போனதும் "அப்பா" என்றேன். பையன்களுக்கு முடிச்சுப் போடக் காட்டிக்கொண்டிருந்த நீங்கள் நிஜமாகவே திரும்பவில்லை. "சார்" என்றதும் திரும்பினீர்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

அதைவிட மோசம் சாப்பாட்டு வரிசை. பசியில் தட்டோடு ஓடிப் போய் முதலில் நின்றேன். தோளைப் பிடித்துக் கடைசிக்கு அனுப்பினீர்கள். "சார் வீட்டுப் பொண்ணு முதல்ல சாப்ட்டா மத்த புள்ளைங்க இன்னா நினைக்கும்? நீ கடைசில நில்லு." பிறகு நான் வந்த எல்லா முகாமிலும் அதுதான் சட்டம். பையன்கள் எல்லாரும் வாங்கிய பிறகு நான். எனக்குப் பிறகு நீங்கள், ஏனென்றால் எல்லாத் தட்டிலும் சோறு விழுந்த பிறகுதான் ஸ்கவுட் சார் தன் தட்டை எடுப்பார். குண்டான் அடியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டி, பெரிய துண்டை என் தட்டில் வைப்பீர்கள். "குஸ்கால காந்தல்தான் ருசி ஜாஸ்தி" என்பீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தின்பேன்.

மார் வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்த நீங்கள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அன்று மழை. உங்கள் பையன்கள் யூனிஃபார்மில், நனைந்தபடி, தெரு நீளத்துக்கு நின்றார்கள். முதல் பையன் உள்ளே வந்து, கலவை ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பாவிடம் இடது கையை நீட்டினான். சாரணர்கள் இடது கையால்தான் கை குலுக்குவார்கள் என்று பெரியப்பாவுக்கு எப்படித் தெரியும்? அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சாவு வீட்ல வந்து எடது கைய நீட்றான் பாரு. இதத்தான் என் தம்பி கத்துக்குடுத்தானா?"

அழுதுகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தினாள். "ஆமா மாமா, இதத்தான் கத்துக்குடுத்தாரு. குடுங்க கைய."

வரிசை முடியும்வரை பெரியப்பா இடது கையைக் கொடுத்துக்கொண்டே நின்றார். என்னிடம் யாரும் கை நீட்டவில்லை. நான்தான் படையில் இல்லையே. அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். நான் கதவுக்குப் பின்னால் அழுதேன்.

போன மாதம் குமரேசன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். உங்கள் முதல் படையில் இருந்தவர், இப்போது படையை அவர்தான் நடத்துகிறார்.

"அமிர்திக் காட்டுல கேம்ப் போட்றோம் பாப்பா. சார் இல்லாம முதல் கேம்ப்பு. நீயும் வா."

"நான் வந்து இன்னாண்ணா பண்ணப் போறேன்?"

"ஒண்ணும் பண்ணாத. கதை புக்கு எடுத்துட்டு வந்து படி."

நான் அம்மாவைப் பார்த்தேன். "போய்ட்டு வா" என்றாள். "அந்த மூலைல உக்காந்து எவ்ளோ நாள் சுவத்தையே பாப்ப?" அவளும் கவனித்திருக்கிறாள்.

உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது ஏதாவது அவர்களிடம் கிடைக்கும் என்றுதான் போனேன். நிறையவே கிடைத்தது. ஒவ்வொருவனிடமும் நீங்கள் இருந்தீர்கள். இம்ரான் உங்களைப் போலவே இடுப்பில் கை வைத்து, "டேய், நீ போட்ற முடிச்சு யானை இழுத்தாலும் அவுறக் கூடாது, நீ தொட்டா அவுறணும்" என்றான். காடே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு நீங்கள் அதைச் சொன்னதில்லை என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் குஸ்காவும் கத்தரிக்காயும். விசில் ஊதியதும் என் கால்கள் தாமாகவே கடைசிக்குப் போயின. கரண்டியோடு நின்ற இம்ரான் கத்தினான்.

"அக்கா, முன்னாடி வாங்க! நீங்க கெஸ்ட்டு. கடைசில காந்தல்தான் கீது."

"பரவால்லப்பா, இருக்கட்டும்."

வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். பாதி வழியில் பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை. காய்ந்த இலைகள் கிடந்தன.

அப்போதுதான் புரிந்தது அப்பா. கடைசியில் நிற்பது என்றால் உங்கள் பக்கத்தில் நிற்பது. முகாம் முழுக்க நீங்கள் அவர்களுடையவர். அந்த வரிசையில் மட்டும் எனக்குப் பின்னால் நிற்பீர்கள். உங்கள் கழுத்து விசில் என் தலையில் இடிக்கும். "பசிக்குதா?" என்று எனக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்பீர்கள். நான் கோபத்தில் பதில் சொல்ல மாட்டேன். இது தெரிந்துதான் என்னை அங்கே நிறுத்தினீர்களா? இல்லை, நியாயத்துக்காக மட்டும்தானா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

அந்த நேரத்தில் முன்னால் ஒரு அழுகைச் சத்தம். குமரேசன் அண்ணனின் மகள் யாழினி, ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள், தட்டோடு முதலில் போய் நின்றிருக்கிறாள். "யாழினி, கடைசிக்குப் போ. சார் பொண்ணு கடைசிலதான்" என்றார் அண்ணன். உங்கள் சட்டமேதான். "அப்பா" என்றாள். அவர் திரும்பவில்லை.

தட்டைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தவள், நான் நிற்பதைப் பார்த்ததும் எனக்கு முன்னால் நுழைந்துகொண்டாள்.

"நீங்க பெரியவங்க. நீங்க கடைசில நில்லுங்க."

அந்த இடம் என்னுடையது. நான் பேசாமல் நின்றிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"இல்ல. இன்னிக்கு நீதான் கடைசி" என்று அவளைத் தாண்டி ஓர் அடி முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"நீங்க ரொம்பக் கெட்ட அக்கா."

அவளுக்கு நான் எதையும் விளக்கவில்லை. கோபித்துக்கொள்ள அவளுக்கு அப்பா இருக்கிறார், கோபித்துக்கொள்ளட்டும். கொஞ்ச நேரத்தில் குமரேசன் அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் நின்றார். அவர் குனிந்து ஏதோ கேட்டது காதில் விழுந்தது. அவள் பதில் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று என் தட்டில் காந்தல் விழவில்லை, நல்ல சோறுதான் விழுந்தது. ஓடைப் பக்கம் கொண்டுபோய்த் தனியாக உட்கார்ந்து தின்றேன்.

அடுத்த முகாமுக்கும் போவேன் அப்பா. யாழினி முன்னால் வந்து நுழைந்தால் மறுபடியும் கெட்ட அக்காவாகிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திவ்யா இப்போது அவள் அண்ணனிடம் நீச்சல் கற்றுக்கொண்டுவிட்டாள். கோடை விடுமுறையில் அவளிடம் நான் கற்றுக்கொள்வேன். அவள் அண்ணனுக்குத் தண்ணீரில் கையை எப்படி வீச வேண்டும் என்று காட்டியது நீங்கள்தானே? சுற்றி வந்தாலும் என்னிடம் வந்து சேரட்டும்.

உங்களுக்கு முன்னால் நின்ற
உங்கள் மகள்,
கயல்விழி